நோயும் இறப்பும் தேவசித்தமும்: சீகன்பால்குவின் வாழ்வில் நம்பிக்கையும் செயலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் அச்சு வரலாற்றிலும் விவிலிய மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் முதன்மையிடம் பெறுபவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு (1682–1719). அவர்தம் மொழிப்பணி பற்றிய ஆய்வுகள் பல. அப்பணி முழுவதும் நோயுற்ற உடலோடும் குறுகிய ஆயுளோடும் செய்யப்பட்டது என்பது பெரும்பாலும் ஒரு செய்தியாக மட்டுமே சுட்டப்பெற்று வந்துள்ளது. தம் வாழ்வும் இறப்பும் இறைவனின் ஆளுகைக்குள் அடங்கியவை என்ற நம்பிக்கை அவரிடம் எவ்வாறு உருவாயிற்று, அந்நம்பிக்கை அவரது செயல்களை எவ்வாறு வடிவமைத்தது, இறுதி நோயின்போது அது எந்நிலையில் நின்றது என்பவற்றை அவரது வாழ்க்கை வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. இறைவனைச் சார்ந்திருத்தல் என்பது சீகன்பால்குவிடம் முயற்சியைக் கைவிடுதலாக அமையவில்லை. முடிக்க இயலாத பணியைப் பிறரிடம் ஒப்படைக்கும் துணிவாக அமைந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச் சொற்கள்

சீகன்பால்கு, தரங்கம்பாடி, தேவசித்தம், ஊழ், ஹாலே, கிருண்ட்லர், விவிலிய மொழிபெயர்ப்பு.

முன்னுரை

நோயும் இறப்பும் எல்லாச் சமயங்களும் எதிர்கொண்ட வினாக்கள். அனைத்தையும் ஆளும் இறைவன் அன்புடையவன் எனக் கொள்ளும் கிறித்தவ சமயத்தில் இவ்வினா மேலும் கூர்மையடைகிறது. நோய் இறைவனின் அனுமதியோடு வருவதெனின் மருந்து உண்பது எதற்கு? இறக்கும் நாள் இறைவனால் குறிக்கப்பட்டதெனின் எதிர்காலத்திற்குத் திட்டமிடுவது எதற்கு? இவ்வினாக்களுக்கு இறையியல் நூல்கள் கோட்பாட்டு விடைகளைத் தருகின்றன. ஒரு மனிதரின் வாழ்வு தரும் விடை வேறு வகையானது. அவர் எதைச் செய்தார், எதைச் செய்யாமல் விட்டார், எதை ஏற்றுக்கொண்டார், எதை மறுத்தார் என்பவற்றில் அவ்விடை பொதிந்து கிடக்கும். இந்நோக்கில் சீகன்பால்குவின் வாழ்வு ஆய்வுக்குரியதாகிறது.

இளமையில் கண்ட இறப்புகள்

சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். தாயும் தந்தையும் அவரது சிறுவயதிலேயே மறைந்தனர். மூத்த சகோதரியின் பராமரிப்பில் அவர் வளர்ந்தார். தாயார் இறக்கும் தறுவாயில் பிள்ளைகளை அருகழைத்து, அவர்களுக்காகத் தாம் சேர்த்து வைத்துள்ள பெருஞ்செல்வம் விவிலியத்திற்குள் இருக்கிறது என்று கூறியதாக அவர் வரலாற்றை எழுதியோர் பலர் குறிப்பிடுவர்.

இந்நிகழ்வு பின்னாளைய மொழிபெயர்ப்பாளரின் தொடக்கமாகவே பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதற்கு மற்றொரு பொருளும் உண்டு. இறப்பவர் தம் அச்சத்தைப் பேசவில்லை. எஞ்சியிருப்போர் எதைப் பற்றிக்கொண்டு வாழ வேண்டும் என்பதையே பேசினார். இறப்பு என்பது ஒப்படைப்புக்குரிய நேரம் என்னும் எண்ணம் சீகன்பால்குவின் இளம் நினைவிலேயே பதிந்துவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திற்குப் பின் தரங்கம்பாடியில் அவர் தம் இறுதி நாட்களைக் கழித்த முறையில் இவ்வெண்ணத்தின் தொடர்ச்சியைக் காணலாம்.

நோயுற்ற மாணவரும் ஹாலேயின் படிப்பினையும்

பள்ளிப் பருவம் முதலே சீகன்பால்கு நோயாளியாக இருந்தார். கெர்லிட்ஸ் நகரில் கல்வி பயின்றபோது பியட்டிசம் எனப்பட்ட பக்திநெறி இயக்கத்தின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. பின்னர் பெர்லினில் யோவாக்கிம் லாங்கேயிடமும், ஹாலே பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயிடமும் பயின்றார். உடல்நலக் குறைவு அவரது பல்கலைக்கழகக் கல்வியை இடையிலேயே நிறுத்தியது. நோய்வாய்ப்பட்ட உடலோடு இறைப்பணிக்குச் செல்வது தகுமா என்ற ஐயம் அவரை நெடுங்காலம் அலைக்கழித்தது. ஆசிரியர்களின் அறிவுரையே அவரை அவ்வையத்திலிருந்து மீட்டது.

ஹாலேயில் அவர் கண்டது ஒரு கோட்பாட்டை மட்டுமன்று. அக்கோட்பாட்டின் மேல் எழுந்த கட்டடத்தையும் கண்டார். 1695ஆம் ஆண்டு உண்டியலில் விழுந்த சிறு காணிக்கை ஒன்றை முதலாகக் கொண்டு பிராங்கே ஏழைச் சிறுவர்களுக்குக் கல்வி புகட்டத் தொடங்கினார். 1698ஆம் ஆண்டு அங்கு அநாதை இல்லத்திற்கான பெருங்கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பள்ளிகள், அச்சகம், மருந்தகம் என அது விரிந்தது. இவற்றுக்கு வேண்டிய பொருளை இறைவன் உரிய காலத்தில் அளிப்பான் என்பது பிராங்கேயின் உறுதி. அவ்வுறுதியோடு கணக்கேடும் நிருவாகமும் ஒழுங்குடன் நடைபெற்றன. மருந்தகம் தயாரித்த மருந்துகள் பல நாடுகளுக்கும் சென்றன. இறைவனை நம்புவதும் மருந்து தயாரிப்பதும் அங்கு ஒன்றுக்கொன்று முரணாகக் கருதப்படவில்லை. இப்படிப்பினை சீகன்பால்குவின் வாழ்வில் ஆழ வேரூன்றியது.

தரங்கம்பாடிக்கு வருகை

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்கு மறைப்பணியாளரை அனுப்ப விரும்பியபோது, சீகன்பால்குவும் ஹென்ரிக் புளுட்சோவும் தெரிவு செய்யப்பட்டனர். 1705 நவம்பர் 29 அன்று கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட அவர்கள், ஏழு மாதங்களுக்கு மேல் கடலில் பயணம் செய்து 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியை அடைந்தனர். அப்போது சீகன்பால்குவின் வயது இருபத்து நான்கைக்கூட எட்டவில்லை.

அக்காலத்தில் ஐரோப்பியருக்கு வெப்ப நாடுகளுக்கான பயணம் திரும்பிவரும் உறுதியற்றது. நலிந்த உடலினர் ஒருவர் அப்பயணத்தை மேற்கொண்டது உடல் வலிமையில் கொண்ட நம்பிக்கையால் அன்று. வாழ்நாளின் அளவை நிர்ணயிக்கும் பொறுப்பு தம்முடையதன்று என அவர் கருதியதாலேயே அது இயன்றது. அந்நாளை நீட்டிக்கவோ குறைக்கவோ இயலாத மனிதனுக்கு, அதனைப் பயன்படுத்தும் கடமை மட்டுமே உள்ளது என்ற நிலைப்பாட்டை அவர்தம் தரங்கம்பாடி ஆண்டுகள் முழுவதும் காணலாம்.

குறுகிய காலமும் நிறைந்த பணியும்

வந்த சில நாட்களிலேயே அவர் தமிழ் கற்கத் தொடங்கினார். திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர் அவருக்குத் துணை நின்றார். 1707ஆம் ஆண்டு மே மாதத்தில் முதல் திருமுழுக்கு நடைபெற்றது. ஆகஸ்டில் எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. 1708ஆம் ஆண்டில் தாம் திரட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஓர் அட்டவணையை உருவாக்கினார். அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார்.

அடுத்த மாதமே தரங்கம்பாடி ஆளுநர் ஹாசியஸ் அவரைச் சிறையிலிட்டார். ஏறத்தாழ நான்கு மாதம் நீடித்த அச்சிறைவாசம் அவரது உடலை மேலும் நலிவுறச் செய்தது. ஆயினும் 1711 மார்ச் 31 அன்று புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு நிறைவுற்றது. இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும் ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்துகளும் வந்தன. வந்த எழுத்துகள் பெரியனவாக இருந்தமையால் சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. 1714ஆம் ஆண்டில் நற்செய்தி நூல்களும் திருத்தூதர் பணியும், 1715ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு முழுமையும் அச்சேறின.

நோய் பற்றிய இம்மறைப்பணியாளரின் அணுகுமுறையை அறிய மற்றொரு சான்றும் உண்டு. 1709ஆம் ஆண்டு வந்து சேர்ந்த யோவான் எர்ன்ஸ்ட் கிருண்ட்லர் தமிழ் மருத்துவ முறைகளைக் கேட்டறிந்து 1711ஆம் ஆண்டில் ஒரு நூலாகத் தொகுத்து ஹாலேக்கு அனுப்பினார். ஹாலே மருந்தகத்தின் மருந்துகளும் தரங்கம்பாடிக்கு வந்தன. நோயை இறைவன் கையிலிருந்து ஏற்பதும், அதே இறைவன் படைத்த மூலிகைகளில் மருந்து தேடுவதும் ஒரே நம்பிக்கையின் இரு பக்கங்களாகவே அவர்களால் கொள்ளப்பட்டன.

இரு வகை நம்பிக்கை: கோபன்ஹேகனின் கண்டனம்

1714ஆம் ஆண்டு இறுதியில் சீகன்பால்கு ஐரோப்பா சென்றார். மலையப்பன் என்னும் தமிழர் உடன் சென்றார். கப்பலிலும் பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பும் இலக்கணப் பணியும் தொடர்ந்தன. அவ்விலக்கணம் 1716ஆம் ஆண்டு ஹாலேயில் இலத்தீன் மொழியில் அச்சிடப்பெற்றது. ஐரோப்பாவில் மரியா டொரோத்தேயாவை மணந்த அவர், 1716ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழகம் திரும்பினார். அவ்வாண்டே உள்ளூர்ப் பணியாளரைப் பயிற்றுவிக்கும் கல்விக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. 1717 பிப்ரவரியில் புதிய எருசலேம் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1718 அக்டோபர் 11 அன்று அது திறக்கப்பட்டது.

இக்காலத்தில்தான் அவரது வாழ்வின் கடுமையான சோதனை நேர்ந்தது. மறைப்பணியை மேற்பார்வையிட 1714ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் அமைக்கப்பட்ட கழகத்தின் செயலராக கிறிஸ்டியன் வெண்ட் பொறுப்பேற்றிருந்தார். மறைப்பணியாளர் தொடக்ககாலத் திருத்தூதர்களைப் போல உடைமையும் கட்டடமும் இன்றி ஊர்தோறும் சென்று போதிக்க வேண்டும் என்பது அவரது கருத்து. ஆலயம் கட்டுதல், பள்ளிகள் நடத்துதல், இல்லறம் நடத்துதல் ஆகியவை இறைவனை நம்பாமல் உலகப் பொருளை நம்புவதன் அடையாளங்களாக அவருக்குத் தோன்றின. கண்டனம் நிறைந்த அவரது கடிதம் 1718ஆம் ஆண்டில் தரங்கம்பாடியை எட்டியது.

இதனை நிருவாகப் பூசலாக மட்டும் கருதுதல் பொருந்தாது. இறைவனின் ஆளுகையை நம்புதல் என்றால் என்ன என்பது பற்றிய இரு கொள்கைகள் இங்கு மோதின. எல்லாவற்றையும் இறைவன் நடத்துவான் ஆதலால் மனிதர் நிலையான ஏற்பாடுகளைச் செய்ய வேண்டியதில்லை என்பது ஒன்று. எல்லாவற்றையும் இறைவன் நடத்துவான் ஆதலால் தம் வாழ்நாளுக்குப் பின்னும் நிற்கக்கூடியவற்றை மனிதர் அச்சமின்றித் தொடங்கலாம் என்பது மற்றொன்று. வெண்டின் கண்டனத்தில் முதற்கொள்கையும், சீகன்பால்குவின் பணியில் ஹாலே கற்பித்த இரண்டாம் கொள்கையும் வெளிப்படுகின்றன. தம் ஆயுள் நீண்டதன்று என்பதற்கு உடலே நாள்தோறும் சான்று பகர்ந்துகொண்டிருந்த ஒருவர்க்குப் பள்ளியும் அச்சகமும் ஆலயமும் தன்னம்பிக்கையின் சின்னங்களாக இருந்திருக்க இயலாது. தாம் இல்லாத நாளை எண்ணிச் செய்யப்பட்ட ஏற்பாடுகளாகவே அவற்றைக் கொள்ள வேண்டும்.

அக்கண்டனம் அவரை ஆழமாகப் புண்படுத்தியது. அவர் அதற்கு விரிவாக மறுமொழி எழுதினார். இச்செயல் சிறப்பாகக் கருதத்தக்கது. நோயைத் தேவசித்தமென அமைதியோடு ஏற்ற அவர், மனிதர் சுமத்திய பழியைத் தேவசித்தமெனக் கூறி வாளாவிருக்கவில்லை. இறைவனிடமிருந்து வருவதைப் பொறுமையோடு ஏற்பதும், மனிதரின் தவறான தீர்ப்புக்கு உண்மையைக் கூறி விடையளிப்பதும் வெவ்வேறு கடமைகள் என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. துன்பம் அனைத்தையும் ஒரே பெயரால் அழைத்து அடங்கிவிடுவதையே நம்பிக்கை என்று கொள்ளும் எளிய விளக்கத்தை அவரது வாழ்வு ஏற்கவில்லை.

இறுதி மாதங்கள்

1718ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவரது உடல்நிலை விரைந்து சீர்கெட்டது. வயிற்று நோயும் இருமலும் வாட்டின. புதிய ஆலயம் திறக்கப்பட்டு நான்கரை மாதங்கள் நிறைவதற்குள் அவர் வாழ்வு முடிந்தது என்பதைக் கொண்டே நோயின் வேகத்தை உணரலாம். பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத் ஆகமத்தோடு நின்றது.

தம் முடிவு நெருங்கியதை உணர்ந்த அவர் சபையின் பொறுப்புகளைக் கிருண்ட்லரிடம் ஒப்படைத்தார். தம்மைக் காணவந்த தமிழ்க் கிறித்தவர்களிடம் விசுவாசத்தில் நிலைத்திருக்குமாறு கூறினார். தாம் குணமடைந்தால்தான் பணி தொடரும் என்ற எண்ணம் அவரது இறுதி ஏற்பாடுகளில் காணப்படவில்லை. தாயார் தம் பிள்ளைகளுக்குச் செய்ததையே அவரும் தம் சபைக்குச் செய்தார் எனலாம்.

1719 பிப்ரவரி 23 அன்று அவர் உயிர் நீத்தார். இயேசுவே தம் உறுதி என்னும் கருத்தமைந்த ஜெர்மானியப் பாடலைப் பாடுமாறு இறுதி நேரத்தில் அவர் வேண்டினார். கதிரவன் முகத்திற்கு நேரே ஒளிர்வது போன்ற வெளிச்சத்தைக் கண்டதாக அவர் கூறினார் என்பதும் பதிவாகியுள்ளது. தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திற்குள்ளேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

அவரது மரணத்தின் அமைதியைப் போற்றுவோர் அதன் சுமையை மறந்துவிடுதல் ஆகாது. இளம் மனைவி கைம்மை எய்தினார். மொழிபெயர்ப்பு பாதியில் நின்றது. கழகத்தோடு எழுந்த பிணக்கு தீரவில்லை. நம்பிக்கை இவற்றுள் எதனையும் நீக்கவில்லை. தீராதவற்றைத் தீராதவையாகவே விட்டுச் செல்லும் ஆற்றலை மட்டுமே அது அவருக்கு அளித்தது.

ஒப்படைத்த பணியின் தொடர்ச்சி

பொறுப்பேற்ற கிருண்ட்லரும் அடுத்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே மறைந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1719ஆம் ஆண்டில், பெஞ்சமின் சூல்ட்சே தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்திருந்தார். ரூத் ஆகமத்தோடு நின்ற மொழிபெயர்ப்பை அவர் தொடர்ந்தார். பழைய ஏற்பாடு 1723 முதல் 1728 வரையிலான ஆண்டுகளில் பகுதி பகுதியாக அச்சிடப்பெற்றது. சீகன்பால்குவின் காலத்தில் திருமுழுக்குப் பெற்ற ஆரோன், 1733ஆம் ஆண்டில் இச்சபையின் முதல் தமிழ்ப் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். கண்டனத்திற்குள்ளான கட்டடமும் பள்ளியும் அச்சகமும் இல்லாதிருப்பின் இத்தொடர்ச்சிக்கு நிலைக்களன் இருந்திராது.

இவ்விளைவுகளைக் கொண்டு அவரது நம்பிக்கை சரியென நிறுவப்பட்டதாகக் கூறுதல் முறையன்று. இவற்றுள் எதனையும் அவர் காணவில்லை. காணாமலே ஒப்படைத்தார் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

ஊழும் தேவசித்தமும்

தமிழ் மரபில் இறப்பையும் இன்னலையும் விளக்கும் முதன்மைக் கருத்தாக்கம் ஊழ். திருக்குறளை அறிந்து மதித்தவர் சீகன்பால்கு. அந்நூலில் அறத்துப்பாலின் இறுதியில் ஊழ் அதிகாரம் அமைந்துள்ளது; பொருட்பாலில் ஆள்வினையுடைமை அதிகாரம் இடம்பெறுகிறது. ஊழின் வலிமையை உரைத்த நூலே முயற்சியின் உயர்வையும் உரைக்கிறது. மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட ஒன்றை ஏற்றுக்கொள்வதும் சோர்வின்றிச் செயலாற்றுவதும் ஒருங்கே இயலும் என்ற அறிவு தமிழுக்குப் புதியதன்று.

இரண்டிற்கும் இடையே அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. ஊழ் வினையின் விளைவாக வருவது. அதனிடம் முறையிட இயலாது. தேவசித்தம் ஓர் ஆளுமையின் விருப்பம். அதனிடம் மன்றாடலாம், அழலாம், காரணம் கேட்கலாம். விடை கிடைக்காதபோதும் கேட்பவர் ஒருவர் உண்டு என்பதே கிறித்தவ நம்பிக்கையின் ஆறுதல். சீகன்பால்குவின் இறுதி நேரப் பாடல் விளக்கம் வேண்டி எழுந்ததன்று. உறவை உறுதி செய்துகொள்வதற்காக எழுந்தது. அவர் நோய்க்குக் காரணம் தேடவில்லை. தாம் யார் கையில் இருக்கிறோம் என்பதையே நினைவுகூர்ந்தார்.

முடிவுரை

சீகன்பால்குவின் வாழ்வை நோய், இறப்பு ஆகியவற்றின் நோக்கில் ஆராயும்போது மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, இறைவனின் ஆளுகையில் அவர் கொண்ட நம்பிக்கை குணமடைவதற்கான உறுதிமொழியாக அமையவில்லை. நலிந்த உடலோடு பணியாற்றுவதற்கான உரிமையாக அமைந்தது. இரண்டாவது, அந்நம்பிக்கை மருந்தையும் திட்டத்தையும் கட்டடத்தையும் விலக்கவில்லை; தம் காலத்திற்குப் பின் வருவோர்க்கென அவற்றை உருவாக்கத் தூண்டியது. மூன்றாவது, நோயை ஏற்றுக்கொண்ட அவர் அநீதியான கண்டனத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. பொறுமையும் உண்மையுரைத்தலும் அவரிடம் இணைந்தே நின்றன.

தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாற்றில் சீகன்பால்குவின் பெயர் அவர் முடித்த புதிய ஏற்பாட்டோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. நோயையும் இறப்பையும் எதிர்கொண்ட அவரது உள்ளத்தை அறிவதற்கு, அவர் முடிக்காமல் விட்ட பழைய ஏற்பாடும் இணையான சான்றாகும். ரூத் ஆகமத்தின் இறுதியில் நின்றுபோன கையெழுத்துப்படியை வேறொருவர் தொடர்வார் என்ற துணிவோடு அவர் கண்மூடினார். இறைவனிடம் தம்மை ஒப்படைத்தவரால் பணியையும் பிறரிடம் ஒப்படைக்க இயன்றது என்பதே அவரது வாழ்வும் இறப்பும் தரும் விடையாகும்.